ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தார்களா? நெல்லைப் பக்கத்துக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை பற்றி ஒரு மதிப்பீடு

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பி.பி., சுகர் பார்க்கிற இடத்தை ஒட்டி, திரை போட்ட ஒரு கட்டில் இருக்கும். முப்பது வயது தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான சோதனை செய்வது அங்கேதான். கூடவே மார்பிலும் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். காசு கிடையாது. களக்காடு, வள்ளியூர், அம்பாசமுத்திரம், மானூர் என்று எந்தப் பக்கம் இருந்தாலும் எட்டுகிற தூரத்தில் இந்த வசதி இருக்கிறது. போகலாமா என்று கேட்டால், தயங்காமல் போங்கள் என்பதே எங்கள் பதில். ஆனால் அந்தக் கட்டிலில் படுத்து எழுந்ததோடு வேலை முடிந்துவிடுவதில்லை. ‘பாசிட்டிவ்’ என்று சொல்லி அனுப்பப்பட்ட பெண் அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாளா, முடிவைக் கையில் வாங்கினாளா, சிகிச்சை முடிந்து ஒரு வருஷம் கழித்துத் திரும்ப வந்தாளா என்பதை வைத்துத்தான் இந்தச் சேவைக்கு மார்க் போட வேண்டும். நம் பக்கத்தில் முதல் படி நன்றாக நடக்கிறது. தடுக்குவது இரண்டாவது, மூன்றாவது படிகளில்.

முதல் படியைப் பார்ப்போம். அதன் பெயர் வி.ஐ.ஏ.; பேச்சில் வினிகர் டெஸ்ட். ஸ்பெகுலம் என்ற கருவியைப் பிறப்புறுப்பில் வைத்து விரித்துக் கர்ப்பப்பை வாயைப் பார்த்து, சளியைத் துடைத்துவிட்டு, 5 சதவீத அசெட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சை அதன்மேல் ஒற்றுவார்கள். பிறகு ஒரு நிமிஷம் காத்திருக்க வேண்டும். இந்த ஒரு நிமிஷத்தில்தான் சோதனையே இருக்கிறது. மாற்றம் அடைந்த செல்களில் புரதம் அதிகம்; அமிலம் பட்டதும் அது உறைந்து வெள்ளையாகத் தெரியும். சாதாரணச் செல்கள்கூட லேசாக வெளுக்கும், ஆனால் சீக்கிரம் மங்கிவிடும். புற்றுநோய்க்கு முந்தைய நிலையில் உள்ள இடம் திட்டாக, ஓரம் தெளிவாக, வெள்ளை போகாமல் நிற்கும். பஞ்சை ஒற்றிய பத்தாவது விநாடியிலேயே ‘ஒண்ணுமில்லக்கா, எந்திரிங்க’ என்று சொன்னால் அது சோதனை ஆகாது. வெளியே எத்தனை பேர் வரிசையில் நின்றாலும் இந்த ஒரு நிமிஷத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அமிலத்தை எப்படிக் கலக்கிறார்கள் என்பதும் முக்கியம். அடர்த்தியான அசெட்டிக் அமிலம் 5 மில்லி, காய்ச்சி வடித்த தண்ணீர் 95 மில்லி. அன்றன்றைக்குக் கலந்து, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். திறந்து வைத்த பழைய பாட்டிலில் வீரியம் போய்விட்டால் தெரிய வேண்டிய வெள்ளை தெரியாது. கலக்காமல் அப்படியே தொட்டால் புண்ணாகும். சரியாகக் கலந்த அமிலம் லேசாகச் சுள்ளென்று இருக்கும், அவ்வளவுதான். அடுத்தது வெளிச்சம். ஜன்னல் வெளிச்சமோ செல்போன் டார்ச்சோ போதாது. வளைக்கக்கூடிய தண்டில் பொருத்திய நல்ல விளக்கு நேராக உள்ளே அடிக்க வேண்டும். சில இடங்களில் அமிலத்துக்குப் பிறகு அயோடினும் தடவுவார்கள். இயல்பான இடம் கரும்பழுப்பாக மாறும், சந்தேக இடம் மஞ்சளாகவே நிற்கும். அயோடின் ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஓரிரு நாள் பழுப்பாகக் கசியும் என்பதால் கைப்பையில் ஒரு பேட் வைத்துக்கொண்டு போவது நல்லது.

இது ஏழைகளுக்கென்று ஒப்பேற்றிய சோதனை என்று நினைப்பவர்கள் உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கி, 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரே ஒரு முறை இந்த வினிகர் சோதனை, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சை. இந்தப் புற்றுநோயால் ஏற்படும் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007இல் முடிவு வெளியானது. நம் ஊர்ப் பெண்களைப் போன்றவர்களிடம், நம் ஊர் நர்ஸ்களைப் போன்றவர்கள் செய்து கிடைத்த பலன் அது. அதில் பாதி ‘தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சை’ என்ற சொற்களுக்குள் இருக்கிறது.

போகிற நாளைக் கணக்குப் பார்த்து எடுக்க வேண்டும். தீட்டு வந்த முதல் நாளிலிருந்து பத்தாம் நாளுக்கும் இருபதாம் நாளுக்கும் நடுவில் வசதி. அதற்கு முந்தின இரண்டு நாள் உறவு வேண்டாம். உள்ளே வைக்கிற மாத்திரையும் கிரீமும் வேண்டாம். உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவவும் வேண்டாம். பிள்ளை பெற்றவர்கள் மூன்று மாதம் போகட்டும். கட்டிலில் ஏறுமுன் சிறுநீர் கழித்துவிட்டால் பாதிச் சிரமம் குறையும். சேலையோ பாவாடையோ நைட்டியோ என்றால் தூக்கிவிட்டால் போதும். சுடிதார் என்றால் முழுக்கக் கழற்ற வேண்டும், கூச்சம் கூடும். ஸ்பெகுலத்தில் சின்ன அளவும் உண்டு. பிள்ளை பெறாதவர்களும் மாதவிலக்கு நின்றவர்களும் அதைக் கேளுங்கள். இடுப்பைக் கட்டிலோடு அழுத்தி வைத்து, வாய் வழியாக மூச்சு விட்டால் தசை தளரும். இடுப்பைத் தூக்கினால்தான் வலிக்கும்.

வினிகர் சோதனைக்கு ஒரு பெரிய எல்லை உண்டு, அதைப் பல இடங்களில் கவனிப்பதில்லை. மாற்றங்கள் தொடங்குவது கர்ப்பப்பை வாயின் வெளித்தோலும் உள்தோலும் சந்திக்கிற கோட்டில். மாதவிலக்கு நின்ற பிறகு அந்தக் கோடு உள்ளே போய்விடும், கண்ணுக்குப் படாது. அறுபது வயது ஆச்சிக்கு வினிகர் வைத்துப் பார்த்து ‘நெகட்டிவ்’ என்று எழுதுவது, பார்க்காத இடத்துக்கு நற்சான்று கொடுப்பது போல. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு, செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியரோ, வைரஸைத் தேடும் எச்.பி.வி. சோதனையோதான் பொருந்தும். அந்தச் சீட்டில் ‘கோடு முழுதாகத் தெரிந்தது’ என்ற குறிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.

பாப் ஸ்மியர் தனியார் மகளிர் மருத்துவர்களிடமும் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் நடக்கிறது. மரக்கரண்டி போன்ற ஒன்றைக் கர்ப்பப்பை வாயைச் சுற்றி ஒரு முழு வட்டம் திருப்பி, சின்னப் பிரஷ்ஷை உள் துவாரத்தில் சுழற்றி, செல்களை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசுவார்கள். பூசிய கையோடு 95 சதவீத ஆல்கஹாலில் போட வேண்டும். விநாடிகள் தாமதித்தாலே செல்கள் காய்ந்து உப்பி, படிக்க முடியாமல் போகும். மின்விசிறிக்குக் கீழே தகட்டை வைத்துவிட்டுப் பெயர் எழுதிக்கொண்டிருந்தால் அந்த மாதிரி பாழ். தகட்டில் பெயரைப் பென்சிலால் முதலிலேயே எழுதிவைத்திருக்கிற இடம் நல்ல இடம். பாட்டில் திரவத்தில் பிரஷ்ஷை அலசி அனுப்புகிற எல்.பி.சி. முறையில் இந்தக் காய்கிற பிரச்சினை கிடையாது, விலை கூடுதல். விலை கேட்கும்போது டாக்டர் ஃபீஸ், மாதிரி எடுக்கிற செலவு, லேப் செலவு மூன்றையும் சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள். லேப் விலையை மட்டும் சொல்லிவிட்டு மற்றதைப் பிறகு சேர்ப்பது வழக்கமாக இருக்கிறது.

ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது, மாதிரி போதுமானதாக இருந்ததா என்ற வரி. ‘போதாது’ என்றால் நெகட்டிவ் என்று பொருள் கிடையாது. இரண்டு முதல் நான்கு மாதத்துக்குள் மறுபடி எடுக்க வேண்டும். என்.ஐ.எல்.எம். என்றால் கவலைப்பட ஏதுமில்லை. ‘இன்ஃப்ளமேட்டரி’ என்ற சொல் ரிப்போர்ட்டுகளில் ஏராளமாக வரும். அழற்சி என்றுதான் அதற்கு அர்த்தம், புற்றுநோயைக் குறிக்கவில்லை. அரிப்போ, நாற்றமோ, வெள்ளைப்படுதலோ இல்லாதவருக்கு அந்த ஒற்றைச் சொல்லுக்காகப் பை நிறைய மாத்திரை எழுதத் தேவையில்லை. ஏஸ்கஸ் என்றால் ‘சந்தேகம், தெளிவில்லை’, எச்.பி.வி. சோதித்தால் வழி தெரியும். எல்.சில் லேசான மாற்றம். எச்.சில், ஏஸ்க்-எச், ஏ.ஜி.சி. இந்த மூன்றில் எது இருந்தாலும் அடுத்த வாரமே கால்போஸ்கோப்பிக்கு, அதாவது பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்க்கிற சோதனைக்கு, போக வேண்டும். கொடை முடியட்டும், அறுப்பு முடியட்டும் என்று வைக்கக் கூடாது.

மூன்றாவது, எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனை. இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ் உள்ளே இருக்கிறதா என்று நேரடியாகத் தேடுவது. 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே சுமார் 70 சதவீதப் புற்றுநோய்க்குக் காரணம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் இதையே முதல் சோதனையாகப் பரிந்துரைத்தது: 30 வயதில் தொடங்கி 5 முதல் 10 வருஷத்துக்கு ஒரு முறை. எச்.ஐ.வி. உள்ளவர்கள் 25 வயதிலேயே தொடங்கி, 3 முதல் 5 வருஷத்துக்கு ஒரு முறை. பணம் புரட்ட முடிந்தவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கலாம். மாதிரியைப் பெண்ணே எடுத்துக்கொள்ள முடியும் என்பது இதன் பெரிய நன்மை. பிரஷ்ஷை உள்ளே செலுத்தி, சொன்ன எண்ணிக்கைக்குச் சுழற்றி, அதன் முனை வேறெங்கும் படாமல் குழாயில் போட்டு மூடினால் போதும். ஆண் டாக்டர் என்பதாலோ கூச்சத்தாலோ போகாமலிருக்கும் மேலப்பாளையத்து அக்காவுக்கும் கடையத்து மதினிக்கும் இது ஒரு நல்ல வாசல். நம் பக்கத்து அரசு நிலையங்களில் இது பரவலாக வர வேண்டும் என்று மனசாரக் கேட்கிறோம்.

இந்தச் சோதனை பாசிட்டிவ் என்றால் வீட்டில் சண்டை வரும் என்ற பயம் நிஜம். வைரஸ் உறவு வழியே பரவுவதுதான். ஆனால் மணமான பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது தொற்றி, ஓரிரு வருஷத்தில் தானே போய்விடுகிற வைரஸ் அது. எப்போது தொற்றியது, யாரிடமிருந்து என்று எந்தச் சோதனையும் சொல்லாது. போகாமல் தங்கிவிட்டால்தான், பத்து இருபது வருஷத்தில் புற்றுநோயாகலாம். இதை முடிவு சொல்லும்போதே, புருஷனும் அருகில் இருந்தால் அவருக்கும் கேட்கும்படி சொல்கிற நர்ஸ் கிடைத்தால் அந்த நிலையத்துக்கு முழு மார்க்.

இனி தடுக்குகிற படி. வினிகர் சோதனையில் பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று பொருளல்ல; அப்படி வருபவர்களில் அதிகம் பேருக்கு அழற்சியோ வேறு சாதாரண மாற்றமோதான் இருக்கும். ஆனால் யாருக்கு எது என்று பிரித்துச் சொல்லக் கால்போஸ்கோப்பி வேண்டும். தாமிரபரணிக் கரை ஊர்களிலிருந்து பெரும்பாலும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். தென்காசிப் பக்கத்தவர்களுக்கு அங்கே மாவட்டத் தலைமை மருத்துவமனை. பாபநாசத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு ஐம்பது கிலோமீட்டருக்குப் பக்கம். இலவசப் பயணம் டவுன் பஸ்ஸுக்குத்தான். முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் பீடி சுற்றுகிறவருக்கு ஒரு நாள் போனால் அன்றைய பீடியும் போச்சு, கூலியும் போச்சு. அங்கே போய் ‘இன்னைக்கு அந்த ஓ.பி. இல்ல, வியாழக்கிழமை வாங்க’ என்று கேட்டால், அவர் வியாழக்கிழமை வரமாட்டார். இதற்கு அவரைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. அனுப்புகிற நிலையம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த அறை என்று போன் போட்டுக் கேட்டு, சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். வாயால் ‘பெரியாஸ்பத்திரிக்குப் போங்க’ என்று மட்டும் சொன்னால் நீங்களே சீட்டை நீட்டி எழுதச் சொல்லுங்கள். ஆதார், காப்பீட்டு அட்டை, பழைய ரிப்போர்ட் எல்லாம் ஒரே மஞ்சப்பையில் இருக்கட்டும். கொடுக்கிற செல் நம்பர் நீங்கள் எடுக்கிற நம்பராக இருக்க வேண்டும். திருப்பூரிலோ கல்ஃபிலோ இருக்கிற வீட்டுக்காரர் நம்பரைக் கொடுத்தால் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற அழைப்பு உங்களை எட்டாது.

கால்போஸ்கோப்பி என்பது பெரிதாக்கிக் காட்டும் கருவியால் அதே இடத்தைப் பார்ப்பது. மறுபடி அமிலம், மறுபடி காத்திருப்பு, பத்துப் பதினைந்து நிமிஷம். கருவி உடம்புக்குள் போகாது. சந்தேக இடத்தில் அரிசி மணி அளவுக்கு ஒரு துணுக்கைக் கிள்ளி எடுப்பார்கள். சுருக்கென்று ஒரு பிடி வலி. ரத்தம் நிற்க ஒரு பசை தடவுவதால் இரண்டு மூன்று நாள் காபிப் பொடி மாதிரி கறுப்பாகக் கசியும், பயப்பட வேண்டாம். சதை எடுத்தால் புற்றுநோய் பரவும் என்பது தவறு. அதைவிட அதிகம் கெடுப்பது, சதை எடுத்ததையே ‘ஆபரேஷன் முடிஞ்சிட்டு’ என்று நினைத்து ரிப்போர்ட் வாங்க வராமல் இருந்துவிடுவது. கிள்ளியது சோதனைக்காக மட்டும். ரிப்போர்ட் எந்தத் தேதியில், எந்த ஜன்னலில் கிடைக்கும் என்று எழுதி வாங்காமல் கிளம்பாதீர்கள். பாட்டிலில் உங்கள் பெயரும் ஓ.பி. எண்ணும் ஒட்டியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

ரிப்போர்ட்டில் சி.ஐ.என். என்பது புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்தின் அளவு. 1 என்றால் பெரும்பாலும் தானே மறையும். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் போதும். 2, 3 என்றால் சிகிச்சை. இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ‘முப்பத்தெட்டு வயசாச்சு, ரெண்டு பிள்ளை இருக்கு, கர்ப்பப்பைய எடுத்துரலாம்’ என்று வெள்ளைப்படுதலுக்கும் சி.ஐ.என். 1-க்கும் சொல்லப்படுகிற யோசனையை ஏற்க வேண்டாம். அதற்கு மேலும் ஓர் ஆபத்து உண்டு. உள்ளே நிஜமாகவே புற்றுநோய் இருந்து, பயாப்ஸி (சதை கிள்ளிச் சோதிப்பது) செய்யாமல் சாதாரண முறையில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டால், அதற்குப் பின் கொடுக்க வேண்டிய முறையான சிகிச்சை சிக்கலாகிவிடும். பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கேட்காமல் ஆபரேஷன் தேதி கொடுக்கிற இடத்திலிருந்து எழுந்து வாருங்கள். வேறு காரணத்துக்காக ஏற்கெனவே கர்ப்பப்பை எடுத்தவர்கள், வாய்ப்பகுதியும் சேர்த்து எடுக்கப்பட்டதா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பார்க்க வேண்டும்; வாயை விட்டுவைத்திருந்தால் சோதனை தொடர வேண்டும்.

சிகிச்சை மூன்று விதம். குளிரால் உறைய வைக்கும் கிரயோவில் 3 நிமிஷம் உறைய வைத்து, 5 நிமிஷம் விட்டு, மறுபடி 3 நிமிஷம். வாயு சிலிண்டரில் அழுத்தம் குறைந்தால் உறைதல் ஆழமாக இறங்காது. இது தோற்க அதுவும் ஒரு காரணம். வெப்பத்தால் சுடும் தெர்மல் முறையில் 100 டிகிரியில் 20 முதல் 30 விநாடி. கையடக்கக் கருவி, சிலிண்டர் வேண்டாம், சின்ன ஆஸ்பத்திரிக்கும் ஏற்றது. இந்த இரண்டும், மாற்றம் உள்ள இடம் முழுதாகக் கண்ணுக்குத் தெரிந்து, உள் துவாரத்துக்குள் போகாமல், புற்றுநோய்ச் சந்தேகமும் இல்லாமல் இருந்தால் மட்டும். மற்றவர்களுக்கு லீப்: மரக்க ஊசி போட்டு, மின்சாரம் ஓடும் மெல்லிய கம்பி வளையத்தால் அந்தப் பகுதியைச் சீவி எடுப்பது. அன்றே வீட்டுக்கு வரலாம். எடுத்த சதை மறுபடி லேபுக்குப் போகும், அந்த ரிப்போர்ட்டையும் வாங்க வேண்டும். ஓரத்தில் மாற்றம் மிச்சமிருக்கிறதா என்பது அதில்தான் தெரியும்.

பிறகு நாலு வாரம் உறவு வேண்டாம். கிரயோ செய்தவர்களுக்குத் தண்ணீராகக் கொட்டும், அது எதிர்பார்த்ததுதான். ஆற்றிலும் குளத்திலும் முங்கிக் குளிப்பதை அதுவரை தள்ளி வைத்து, வீட்டில் மோந்து ஊற்றிக்கொள்ளுங்கள். லீப் செய்தவர்கள் ஒரு வாரமாவது தண்ணீர்க் குடமும் நெல் மூட்டையும் தூக்க வேண்டாம். உட்கார்ந்து பீடி சுற்றுவதில் தடையில்லை. காய்ச்சல், கெட்ட நாற்றம், கட்டி கட்டியாக ரத்தம், தாங்க முடியாத அடிவயிற்று வலி இவற்றில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. புற்றுநோய் என்றே முடிவு வந்தால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. அட்டை இல்லாதவர்கள் சிகிச்சை தொடங்குமுன் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுப் பிரிவுக்குப் போய் எடுத்துவிட வேண்டும்.

உறவுக்குப் பின் ரத்தம், இரண்டு தீட்டுக்கு நடுவில் ரத்தம், மாதவிலக்கு நின்று வருஷங்கள் கழித்து ஒரு சொட்டு ரத்தம் இவை இருப்பவர்களுக்கு இந்த மதிப்பீடு எதுவும் பொருந்தாது. அவர்கள் முகாமுக்கும் வினிகர் சோதனைக்கும் காத்திருக்காமல் நேரே மகளிர் ஓ.பி.க்குப் போக வேண்டும். போன வருஷம் நெகட்டிவ் என்று சீட்டு இருந்தாலும் போக வேண்டும்.

முகாம்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்யாண மண்டபத்தில், பள்ளிக்கூடத்தில் நடக்கும் முகாமில் திரை சரியாக இருக்காது, விளக்கு இருக்காது, கருவிகளைக் கொதிக்க வைக்கவும் நேரம் இருக்காது. பெயர் பதிவதற்கும் விளக்கிச் சொல்வதற்கும் முகாம் நல்லது. சோதனையை அடுத்த நாள் சுகாதார நிலையத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 9 முதல் 14 வயதுப் பெண்பிள்ளை வீட்டில் இருந்தால் எச்.பி.வி. தடுப்பூசி பற்றி அன்றே கேட்டுவிடலாம். ஊசி போட்டவர்களும் முப்பது வயதில் சோதனைக்கு வர வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்டு வையுங்கள்.

நெகட்டிவ் வந்தவர்களுக்கு தேசிய வழிகாட்டுதல்படி அடுத்த வினிகர் சோதனை 5 வருஷம் கழித்து, 65 வயது வரை. ஆனால் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு, முன்பு சொன்னபடி, பாப் அல்லது எச்.பி.வி.தான் பொருந்தும். பாப் மட்டும் எடுத்தவர்களுக்கு 3 வருஷம். சிகிச்சை எடுத்தவர்களுக்குப் பன்னிரண்டாம் மாதம் ஒரு சோதனை. அது நெகட்டிவ் என்ற பிறகுதான் பழைய இடைவெளிக்குத் திரும்ப முடியும். அந்தப் பன்னிரண்டாம் மாதம் ஐப்பசி நடவில் விழுகிறதா, ஊர்க் கொடையில் விழுகிறதா என்று சிகிச்சை நாளன்றே காலண்டரைப் புரட்டிப் பார்த்து, அதற்கு ஒரு வாரம் முன்போ பின்போ தேதியைக் குறித்து வாங்குங்கள்.